செல்வியைப் பார்க்க வருகிறார்கள்

பசுவந்தனை
ஐப்பசி, 2003

அன்பு மகன் மாரிராஜுக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிர் ஊரில் நீயும் உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று இசக்கியம்மனைக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன். இங்கே உன் அப்பா சுகம், ஆடுகள் சுகம், நானும் சுகம். உன் தங்கச்சியையும் சேர்த்து எல்லாரும் சுகம் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்தான், கை வரமாட்டேன் என்கிறது.

மழை விழுந்துவிட்டது, கரிசல் செருப்பைப் பிடித்து இழுக்கிறது, உளுந்து முளைத்து வரிசை தெரிகிறது. போன கடிதத்தில் உன் ஆராய்ச்சி என்னவென்று எழுதியிருந்தாயே, அதனால் இங்கே நடந்த கூத்தைக் கேள். உன் அப்பா அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே டீக்கடைக்குப் போயிருக்கிறார். பருத்தி வியாபாரம் பார்க்கும் அழகிரிசாமி, உங்க பையன் சீமையில என்ன படிக்கான் என்று கேட்க, பார்த்தாலே மாறிப்போகிற துகளைப் பற்றிப் படிக்கிறான் என்று இவர் பெருமையாகச் சொல்ல, அது நம்ம திருஷ்டில்லா அண்ணாச்சி, இதுக்கா பிளேன் ஏறிப் போனான் என்று அவர் கேட்டாராம். அன்றிலிருந்து ஊருக்குள் நீ திருஷ்டிக்குப் படிக்கிறவன். பின்வீட்டு ஆவுடைத்தாய் தன் எருமை பால் மறுத்துவிட்டது, தம்பிட்ட கேட்டு எழுதுங்க மதினி என்று வந்து நிற்கிறாள். கேட்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன், நீ ஒன்றும் எழுத வேண்டாம்.

நானும் அது திருஷ்டி சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன். போனில் கேட்டதற்கு நீ சிரித்துவிட்டு, இரண்டு வாசல் வைத்த ஆட்டுக்கிடையைச் சொன்னாய். ஒவ்வொரு ஆடாக விட்டாலும், எந்த வாசலில் போனது என்று தெரியாதவரைக்கும் ஒரே ஆடு இரண்டு வாசலிலும் போன மாதிரி அந்தப் பக்கம் தடம் வரிவரியாக விழும், வாசலில் காவல் வைத்துவிட்டால் வரி அழிந்து இரண்டு குவியலாகிப்போகும் என்றாய். ஒரு ஆடு ரெண்டு வாசல்ல எப்படிலே போகும், இவனக் கிடைக்குக் கூட்டிட்டுப் போனதே தப்பாப் போச்சு என்று உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நீ விடாமல், இதற்குக் கண்ணே வேண்டாம் அம்மா, எந்த வழி என்று காட்டிக்கொடுக்கிற மாதிரி ஏதாவது ஒன்று அதைத் தொட்டுவிட்டாலே போதும் என்றாய். அப்போதிருந்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் செல்வி நினைப்புத்தான் வந்தது.

உனக்குத் தெரியாததா, புதியம்புத்தூரிலிருந்து வெட்டின துணி வந்து இறங்கினால் தையல் மிஷினில் உட்கார்ந்து பாடுவாள், அங்கிருந்தபடியே கிடாயைத் திட்டுவாள், அழகிரிசாமி வேட்டியைத் தூக்கிப் பிடித்து நடப்பதை நடந்து காட்டுவாள், வீட்டுக்குள் ஒருத்தி இல்லை, பத்துப் பேர் இருக்கிற மாதிரி இருக்கும். முதன்முதலில் பெண் பார்க்க வந்தார்களே, அன்றைக்கு மாப்பிள்ளையின் அத்தை உம் பேரு என்னம்மா என்று கேட்டாள். இசக்கிசெல்வி என்று சொல்ல வேண்டியவள் இ, இ என்று அதிலேயே நின்றுவிட்டாள். சின்னதில் திக்கிக்கொண்டிருந்தது பள்ளிக்கூடம் போனதோடு போய்விட்டது என்றிருந்தோம், அத்தனை பேரும் வாயையே பார்க்கவும் திரும்பி வந்துவிட்டது. கேசரியைத் தின்றுவிட்டுப் போனவர்கள் திக்குவாய் என்று பேர் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லாம் அதைக் கேள்விப்பட்டுத்தான் வருகிறார்கள், காபித் தம்ளரைப் பார்ப்பதில்லை, அவள் வாயைத்தான் பார்க்கிறார்கள். அவர்கள் எழுந்து போகும்போது மற்ற ஒன்பது பேரும் போய்விடுகிறார்கள், அந்தத் திக்குகிற ஒருத்தி மட்டும் வீட்டில் மிஞ்சுகிறாள்.

திக்கல் முதலில் வந்தவர்களிடம் மட்டும்தான் இருந்தது, பிறகு கடையில், பிறகு ஆவுடைத்தாயிடம், இப்போது என்னிடமும். இன்றைக்கு எப்படிப் பேசுகிறாள் என்று நான் பார்க்கிறேன், நான் பார்ப்பதை அவள் பார்க்கிறாள், அவ்வளவுதான், வாய் கட்டிக்கொள்கிறது. மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டேன். போட்டுவிட்டு, சரியாகிவிட்டதா என்று அவள் வாயைத்தான் பார்த்தேன். யம்மா, நீயும் என் வா, வாயவே பாக்காத என்றாள். ஆட்டுக்கொட்டகைக்குள் போய் அழுதேன் ராசா. பெற்றவள் பிள்ளையைப் பார்க்காமல் எங்கே போய்ப் பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமை குளத்தூரிலிருந்து வருகிறார்கள், மாப்பிள்ளைக்கு உப்பளத்தில் வேலை. வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். வாங்கன்னு சொல்லிட்டேம்ட்டி, இனி எந்த முகத்த வச்சிட்டு வராதீங்கன்னு சொல்ல என்கிறார். அவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை, சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். பேரை மட்டும் கேட்காதீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் இன்னும் கூர்ந்து பார்ப்பார்கள், சொல்லாவிட்டால் கேட்பார்கள். செல்வியோ, வரட்டும்மா என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போது திக்கவில்லை, ஆனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு சொன்னாள். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை மாரி.

நீ குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேலை மும்முரத்தில் ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுத்துவிடாதே, சோறு பொங்கிச் சாப்பிடு. இதை அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பின்னால் மிஷின் ஓடுகிறது. கொஞ்ச நேரம் முன்னால் மெதுவாகப் பாட ஆரம்பித்தாள், எத்தனை நாள் ஆகிவிட்டது அந்தக் குரலைக் கேட்டு. கண்டும் காணாமல் இரு என்று சொல்வோமே, அப்படித்தான் இருந்தேன், திரும்பவே இல்லை. பாட்டைக் கேட்டுக்கொண்டு பேனாவை மட்டும் நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது. பாட்டு நின்றுவிட்டது. காது கொடுத்தாலும் பார்த்த மாதிரிதானா ராசா?

நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும், எடுத்த படிப்பு நல்லபடியாக முடிய வேண்டும். போனில் உன்னோடு பேசும்போது மட்டும் அவளுக்குத் திக்குவதில்லை, நீ அவளைப் பார்க்க முடியாது என்பதால்தானோ என்னவோ. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறக்காமல் போன் பண்ணு, அவளைத்தான் எடுக்கச் சொல்வேன். மழையைப் பற்றிக் கேள், கிடாயைப் பற்றிக் கேள். வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
பூ. சத்தியபாமா