அக்கா, அத்தானுக்கு வந்தது டிபி இல்லை

என் தங்கமான அக்காவுக்கு,

நீ கண்ணை மூடியபின் அத்தானும் இருமத் தொடங்கினார். ஒருநாள் கைக்குட்டையில் ரத்தம். உன்னைப் போலவே தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். பேத்தி ஓடிவந்தால், "கிட்ட வராதம்மா கண்ணு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். உங்கள் இரண்டு பேருக்கும் இளவயதில் வந்து குணமான டிபிதான் திரும்பிவிட்டது என்று அவராகவே முடிவுகட்டி, ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன் என்றார்.

உன் மகள் செல்வி பைக் ஓட்ட, அவரை நடுவில் உட்கார வைத்து, இறங்கி ஓடிவிடாதபடி நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். சைகோன் நெரிசலில் எங்களைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை.

நெஞ்சைப் படம் எடுத்தார்கள், சளி, ரத்தம் பார்த்தார்கள். டிபி இல்லை அக்கா. பழைய டிபி ஆறிய இடத்தில், நுரையீரலில் ஒரு பொந்து விட்டுப்போயிருக்கிறதாம். அதற்குள் பூஞ்சை உருண்டையாக வளர்ந்திருக்கிறதாம். டாக்டரம்மா வியட்நாமியத்தில் சொல்லச் சொல்ல, செல்வி தமிழில் சொன்னாள்.

"பூஞ்சையா? நான் என்ன முந்தாநாள் வாங்கின ரொட்டியா?" என்றார் அத்தான்.

"ரொட்டின்னா தூக்கிப் போட்டிருப்போம்ப்பா. உங்களுக்கு வைத்தியம்ல பாக்குறோம்!"

அந்தப் பூஞ்சை காற்றில் எங்கும் உண்டாம். சோலோன் கடைத்தெருவில் நம் மிளகாய்க் கிடங்கு மழைக்காலத்தில் எப்படிப் பூஞ்சை பூத்துக் கிடக்கும், உனக்குத் தெரியாதா? மிளகாய் மூட்டையைத் தட்டினால் தூசியோடு அதுவும் மூக்கில் ஏறும். நல்ல நுரையீரல் வெளியே தள்ளிவிடுமாம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாதாம்.

அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசிவரை பேத்தியைத் தூக்காமல் எட்ட நின்றே கொஞ்சினாயே. உனக்கும் இதுதானா? இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

மாத்திரை பல மாதம் போட வேண்டும், சாப்பாட்டோடு. ஈரலுக்குக் கெடுதல் வராமலிருக்க அவ்வப்போது ரத்தம் பார்க்கிறார்கள். நிறைய ரத்தம் கக்கினால் ஆபரேஷன்கூட நேரலாமாம். கிடங்குப் பக்கம் அவரை நாங்கள் விடுவதில்லை.

போன வாரம் இருமல் கொஞ்சம் அடங்கியது. உடனே மாத்திரையை ஒதுக்கி வைத்தார்.

"அதான் நல்லாயிட்டேனேம்மா, விடு."

"நல்லாயிட்டேன்னு நீங்கதான் சொல்றீங்க அத்தான். உள்ள இருக்கறது இன்னும் சொல்லலையே."

ஒதுக்கி வைத்த மாத்திரையைக் கையில் எடுத்தார். "உங்க அக்காவ ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போக எனக்குத் தோணலையேம்மா" என்றார். பிறகு அதை விழுங்கினார்.

அடுத்த படத்தில் என்ன தெரியுமோ, சொல்லத் தெரியவில்லை. ஆனால் இந்த வீட்டில் இனி யார் இருமினாலும், நோய்க்கு நாமே பெயர் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார விடமாட்டேன் அக்கா. கையைப் பிடித்து இழுத்தாவது கொண்டுபோய்க் காட்டுவேன்.

உன் முதுகில் ஏறி வளர்ந்த தங்கை,
கனகம்