அம்சா படுக்கும் அறையில் கம்ப்யூட்டர்

அக்டோபர் 3, 2025, வெள்ளி

கம்ப்யூட்டர் திறக்க மாட்டேன் என்கிறது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, கம்பெனி பெயர் வருகிறது, புள்ளிகள் வட்டமாக ஓடுகின்றன — பொசுக்கென்று அணைந்து மறுபடி முதலிலிருந்து. பதினொரு முறை எண்ணிவிட்டு எழுந்துவிட்டேன்.

புதன்கிழமை ஆயுத பூஜைக்கு அணைக்கும்வரை நன்றாகத்தான் இருந்தது. நேற்று மயிலம் கோயிலுக்குப் போய்வந்ததில் திறக்கவே இல்லை. சும்மா கிடந்த சாமான் தானாகவா கெட்டுப்போகும்?

உள்ளே மலர்விழியின் ஆய்வேடு இருக்கிறது. கண்டமங்கலத்துப் பெண். மல்லாட்டைச் செடிக்கு — அவள் எழுத்தில் நிலக்கடலை — வரும் நோய்களைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறாள்; மூன்று மாதமாக நான் தட்டச்சு செய்கிறேன். பதினைந்தாம் தேதி பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். வேறெங்கும் நகல் இல்லை. இணையத்தில் ஏற்றினால் எவனாவது எடுத்துவிடுவான் என்று நான்தான் ஏற்றவில்லை.

அக்டோபர் 4, சனி

"கரண்டு ஏறி எறங்குது, அதான்" என்றார் இவர். கம்ப்யூட்டரைக் கூடத்துக்குத் தூக்கிவந்து வேறு பிளக்கில் போட்டோம். அங்கும் அதே கதை. போனில் யாரோ செய்ததைப் பார்த்து, மூடியைக் கழற்றி, ரேமை உருவி, பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து மாட்டினார். ஒரு தடவை முழுத் திரையும் வந்தது. இரண்டு பேரும் மூச்சு விடாமல் நின்றோம். போய்விட்டது.

நிமிர்ந்தால் கதவருகே அம்சா. "இன்னும் சரியாவலியா அண்ணி?"

இதை ஏன் இவள் கேட்கிறாள்?

அக்டோபர் 5, ஞாயிறு

யோசிக்க யோசிக்க ஒன்று புரிகிறது.

அம்சா இவருடைய தங்கை. வானூரில் கட்டிக்கொடுத்த இடம் சரிப்படவில்லை என்று ஆனி மாதம் வந்தவள், எங்களோடுதான் இருக்கிறாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் துணிக்கடையில் பில் போடுகிறாள். கம்ப்யூட்டர் இருக்கும் அறையில்தான் அவளுக்குப் படுக்கை. நான் வேலையை முடித்து எழுந்தால்தான் அவள் பாய் விரிக்க முடியும். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சுளிக்காததுதான் எனக்கு இடிக்கிறது. கம்ப்யூட்டர் ஒழிந்தால் அறை யாருக்கு?

பூஜை அன்று சாயங்காலம் அந்த அறையைப் பத்து நிமிடம் சாத்திக்கொண்டிருந்தாள். புடவை மாற்றினாளாம். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது அண்ணி" என்பாள். பில் போடுகிறவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதா? என் காதில் பூ சுற்றுகிறாள்.

இன்று நாற்காலிகூட அரை அடி தள்ளியிருந்தது.

அக்டோபர் 6, திங்கள்

தெருமுனைக் கடைக்காரர் வந்து பார்த்தார். மூடியைக்கூடத் திறக்கவில்லை. "டிஸ்க் போயிடுச்சு மேடம். ஃபார்மேட் பண்ணிடலாம்." எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாய் வைப்பாராம். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். இந்தக் கடைக்காரரும் அம்சாவோடு கூட்டோ என்று ஒரு நொடி தோன்றியது.

மலர்விழி போன் செய்தாள். "முடியற மாதிரிதான் இருக்கும்மா" என்று புளுகினேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

கேட்டேவிட்டேன். அம்சா அண்ணனுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உண்மையச் சொல்லு அம்சா. கம்ப்யூட்டர்ல என்னா பண்ண?"

"நான் ஏன் அண்ணி அதத் தொடப் போறேன்? எதனா ஆயிட்டா உங்க வேலை கெட்டுப்பூடுமேன்னு தூசிகூட தட்டறதில்ல."

"பின்ன தானா கெட்டுக்கினுதா?"

"படுக்க எடைஞ்சலா இருந்தா சொல்லுங்க அண்ணி, கூடத்துல படுத்துக்கறேன்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். "ஒரு வூட்ட கெடுத்துட்டு வந்துட்ட, இந்த வூட்டையாவது வுட்டு வையி" என்றேன்.

அவள் கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள்ளேயே வைத்தாள். அழவில்லை. இவர் தட்டில் கை கழுவினார்.

தப்பா? பேச்சு தப்புதான். ஆனால் ஒன்றும் செய்யாதவள் என்றால் அழுதிருக்க மாட்டாளா?

அக்டோபர் 8, புதன்

அம்சா போய்விட்டாள். விழுப்புரத்தில் கூட வேலை செய்கிறவளுடைய அறையில் தங்கிக்கொள்வாளாம். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் கடைக்கு வருவாளாம். இவர்தான் ஏற்றிவிட்டு வந்தார்.

அக்டோபர் 9, வியாழன்

பெட்டியைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் போனேன். அங்கே இருதயமேரி அக்கா பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். தட்டச்சு வேலை செய்கிற எங்களுக்கெல்லாம் பழக்கம். கண்ணெதிரிலேயே பார்க்கச் சொன்னேன். நல்லதை எடுத்துக்கொண்டு பழையதை மாட்டிவிடுவார்கள் என்று பயம்.

அக்கா இரண்டு முறை போட்டுப் பார்த்தார். உள்ளே ஒரு மெல்லிய ஒயரைப் பிடுங்கினார். மறுபடி போட்டார். திரை வந்தது. நின்றது. பத்து நிமிடம் ஆகியும் அணையவில்லை.

பெட்டியை என் பக்கம் திருப்பி, அந்த ஒயர் போய்ச் சேரும் பொத்தானைக் காட்டினார். ரீஸ்டார்ட் பொத்தானைச் சுற்றிச் சந்தனம் இறுகிப்போய், பொத்தான் பாதி அழுந்தி நின்றது. யாரோ விரலை வைத்து விட்டுவிட்டு அழுத்துகிற கணக்கு. விசிறி அதிரும்போதெல்லாம் பட்டுப் பட்டு விலகியிருக்கிறது.

"பொட்டு வைக்கறது தப்பில்லம்மா. அதுக்குன்னு பொத்தான் மேலயா வைப்பாங்க? ஆயுத பூஜ முடிஞ்சா எனக்கு இதே பேஜாரு. போன வருசம் ஒருத்தரு பிரிண்டரு வாயில எலுமிச்சம்பழத்த வச்சி நசுக்கிக்கினு வந்தாரு." சிரித்துக்கொண்டே கேட்டார்: "யாரு வச்சது?"

முன்பக்கமெல்லாம் காற்றுப்போக ஓட்டை ஓட்டையாக இருந்தது. பூஜை அன்று சந்தனம் நிற்க ஓர் இடம் தேடினேன். அந்தச் சின்ன வட்டம் பொட்டுக்கென்றே வைத்த மாதிரி இருந்தது. கெட்டியாகக் குழைத்து, மோதிர விரலால் அழுத்தி வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன்.

"வீட்ல யாரோ வச்சிருக்காங்கக்கா" என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

ஆய்வேடு முழுசாக இருக்கிறது. முதல் வேலையாக ஒரு பென்டிரைவில் நகல் எடுத்தேன்.

இரண்டாவது வேலையை எழுதவே கூசுகிறது. அம்சா எப்போதாவது இதைத் திறந்திருக்கிறாளா என்று தேடினேன். எந்த நாள், எந்த நேரம், எந்தப் பக்கம் — எல்லாவற்றையும். ஒன்றுமே இல்லை. என்னைத் தவிர ஒருவரும் தொட்டதில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏதாவது ஒன்று கிடைத்திருந்தால் போதும் என்று ஏங்கினேன். என்ன பிறவி நான்?

இவரிடம், ஏதோ சுவிட்ச் கோளாறாம் என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 13, திங்கள்

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. இன்று இவரிடம் சொல்லிவிட்டேன் — சந்தனம், பொத்தான், நான். கத்துவார் என்று நினைத்தேன்.

"அவ கிட்ட சொன்னியா?" என்றார். அவ்வளவுதான்.

போன் செய்தேன். மன்னிச்சுக்கோ என்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஐய, அத வுடுங்க அண்ணி. பொட்டி சரியாயிடுச்சில்ல? மலர்விழி வேலை முடிஞ்சிடுமில்ல?" என்றாள். திரும்பி வந்துவிடு என்றேன். "இங்க வாடகை சொல்லிட்டேன் அண்ணி. தீபாவளிக்கு வர்றேன்." குரலில் கோபமே இல்லை. நடிக்கிறாளோ என்று தோன்றியது. இன்னும் இப்படித்தான் தோன்றுகிறது எனக்கு.

அக்டோபர் 15, புதன்

ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

காலையிலேயே அம்சா வந்தாள். அண்ணனுக்கு வேட்டி, எனக்கு அரக்குச் சேலை. கடையில் பார்த்ததும் எனக்கென்று எடுத்து வைத்தாளாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காபி போட அடுக்களைக்குப் போனேன். கூடவே வந்தாள். துணி எடுக்க மாடிக்குப் போனேன். பேசிக்கொண்டே படியேறி வந்தாள். பழைய அம்சா திரும்பிவிட்டாள் என்று அத்தனை சந்தோஷம் எனக்கு.

"பஸ்ல நின்னுக்கினே வந்திருப்ப. ரூம்ல போயி செத்த படு" என்றேன்.

"நீங்களும் வாங்க அண்ணி."

"நான் வடை சுட்டுட்டு வர்றேன்."

"அப்ப நானும் இங்கியே இருக்கேன்."

இவர் கறி வாங்கப் போயிருந்தார்; வீட்டில் நாங்கள் இருவர்தான். எதிர்வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கத் தட்டை எடுத்தேன். "ரெண்டே நிமிஷம், ஜல்தியா வந்துடறேன். நீ உக்காரு" என்றேன். அம்சா எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு வெளியே வந்தாள். எதிர்வீட்டுக்கும் வரவில்லை.

பேசிவிட்டுத் திரும்பினேன். எங்கள் வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. அவள் தெருவில், தூறலில் நனைந்துகொண்டு, நான் வருவதற்காக நின்றிருந்தாள்.