டீயில் நனைத்த சீவாளி

ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

கச்சேரியில் வாசித்து முடித்து மாதாமாதம் நீங்கள் அனுப்பும் சீவாளி வந்து சேர்ந்தது. வழக்கம்போல் பின்பக்கம் கச்சேரித் தேதியைப் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இசைக் கல்லூரி வேலைக்குப் போனதிலிருந்து சேர்ந்தவை, அம்மாவின் கண்ணாடி ஜாடியில் இப்போது முப்பத்தொன்று.

என் தோழி, "உங்கப்பா ஏன்டி ஐஸ் குச்சி அனுப்புறார்?" என்று கேட்டாள்.

"இது கிளாரினெட் வாயில பொருத்துற நாணல் தகடு. இது அதிர்ந்தாத்தான் சத்தமே வரும்" என்று விளக்கினேன். நூலகத்தில் படித்ததையும் சேர்த்துச் சொன்னதில் அவள் கொட்டாவி விட்டாள். நீங்கள் எனக்கு வாத்தியாரம்மா என்று பெயர் வைத்தது சரிதான்.

கச்சேரி பற்றி ஏன் ஒரே வரி? போன வருடம் யார் இருமினார்கள் என்பது வரை எழுதினீர்களே.

உங்கள்
வாத்தியாரம்மா

ஜூலை 15

என் வாத்தியாரம்மாவுக்கு,

நன்றாக நடந்த கச்சேரியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? கல்லூரிப் பிள்ளைகள் எனக்குப் 'பென்சில் சார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விரல்களை எங்கே வைப்பது என்று பென்சிலைப் பிடித்துக் காட்டுகிறேன், அதனால். செப்டம்பரில் ஆசிரியர்கள் மேடையில் வாசிக்கும் ஆண்டு விழா. அதுவரை ஊருக்கு வர முடியாது. இந்த மாதச் சீவாளி உள்ளே இருக்கிறது.

அப்பா

ஆகஸ்ட் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜாடியைத் துடைக்கும்போது சீவாளிகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். வாசிக்க வாசிக்க எச்சில் ஊறி நுனி பழுப்பாகும் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். ஏப்ரலிலிருந்து வந்த நான்கும் வெள்ளைவெளேரென்று இருக்கின்றன.

அம்மா கண்ணில் படக் கூடாதென்று நான்கின் நுனியையும் டீயில் ஊறவைத்துக் காயவைத்தேன். நேற்று அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்தாள். அவள் எப்போதும் முகர்ந்து பார்ப்பாளாம். அதை மட்டும் நான் கவனித்ததே இல்லை.

"உங்கப்பா எப்பத்திலேர்ந்துடி கிளாரினெட்டுக்கு டீ குடுக்க ஆரம்பிச்சார்?" என்றாள். சிரிக்கவில்லை.

அப்பா, நீங்கள் வாசிக்கிறீர்களா, இல்லையா? பாடப் புத்தகத்தில் ஒரே பக்கத்தையே மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொய் மட்டும் எழுதாதீர்கள்.

வாத்தியாரம்மா

ஆகஸ்ட் 11

மகளுக்கு,

வாசிக்கவில்லை. மார்ச் மாதம் மேடையில் உதட்டின் இடது ஓரத்தில் காற்று கசிந்தது. தசை தளர்ந்துவிட்டதாம். இனிச் சரியாகும் என்று சொல்ல டாக்டர் தயாராக இல்லை. வந்த கச்சேரிகளை எல்லாம் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக்கழித்தேன். வகுப்பில் பென்சிலை வைத்துச் சமாளிக்கிறேன். துறைத்தலைவர், "ஒரு தடவை ஊதிக் காட்டுங்க சார், பிள்ளைங்க ஏங்குதுங்க" என்கிறார். சிரித்து மழுப்புகிறேன்.

செப்டம்பர் மேடையில் வாசிக்காத ஆசிரியருக்கு இங்கே அடுத்த வருடம் இடமில்லை. இருபத்திரண்டு வருடம் ஊதியவன், இனி ஊத முடியாதென்று வந்து நின்றால், நம் வீட்டுக் கதவை எப்படித் தட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லாதே.

அப்பா

ஆகஸ்ட் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன். மன்னியுங்கள்.

"கதவைக் கையால தட்டச் சொல்லு. வாயால தட்டுற வீடு எங்கடி இருக்கு?" என்றாள் அம்மா. அப்புறம் பாத்திரம் எதுவும் இல்லாத தொட்டியில் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள் அப்பா. உடனே பதில் போடுங்கள்.

வாத்தியாரம்மா

செப்டம்பர் 8

அப்பா,

உங்கள் பதில் வராமல் நான் போடும் மூன்றாவது கடிதம் இது. தபால்காரர் என்னைக் கண்டாலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். வெற்றுத் தாளையாவது உறையில் போட்டு அனுப்புங்கள். உறைமேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

செப்டம்பர் 24

என் வாத்தியாரம்மாவுக்கு,

மேடை ஏறினேன். மூன்றாவது வரியில் வெறும் காற்றுதான் வந்தது. கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஆறு மாதமாக உங்களை ஏமாற்றினேன் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். மறுநாள் என் மேசையைக் காலி செய்தேன். பென்சிலைப் பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பதில் போடாததற்குக் காரணம், இந்த ஆறு வாரமும் தினமும் உள்ளே வைத்திருக்கும் சீவாளியில் வாசிக்க முயன்றுகொண்டிருந்தேன். இனி சீவாளி வராது. வெள்ளிக்கிழமை மதிய ரயிலில் நான்தான் வருகிறேன்.

இந்தக் கடைசிச் சீவாளியின் பின்பக்கம் சரியான தேதி எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் முகரக் கொடு.

அப்பா