வரிசையில் நிற்காத பிள்ளைகள்

நெய்யில் வறுத்த முந்திரியும் சூடுபட்ட இலைத் தொன்னையும் சேர்ந்து ஒரு வாசனை வருமே, அது சனிக்கிழமை சாயங்காலம் நம் வகுப்பு வாசலுக்கு வந்தது. உடனே உன்னை நினைத்தேன். நீ இருந்திருந்தால், வந்து நின்ற வேனைப் பார்த்ததுமே புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகியிருப்பாய். நீ இல்லாமல் வருகிற இரண்டாவது மழைக்காலம் இது.

டவுனில் கடை வைத்திருக்கும் ஒருவர், மகனின் பிறந்தநாளுக்கு நம் பிள்ளைகளுக்குப் பொங்கல் கொண்டுவந்திருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் பிள்ளைகளை வெளியே கிரிவலப் பாதையில் வரிசையாக நிறுத்தச் சொன்னார். மகன் தொன்னையைக் கொடுப்பானாம், இவர்கள் கையேந்தி வாங்க வேண்டுமாம், அதை வீடியோ எடுப்பார்களாம்.

எனக்கு அந்தப் பௌர்ணமி ஞாபகம் வந்துவிட்டது. அடி அண்ணாமலையில் இந்த ஒற்றை அறையை நாம் திறந்த புதிது. காலையில் நான் சின்னதுகளைப் பார்த்துக்கொள்வேன். சாயங்காலம் தையல் கடையை மூடிவிட்டு வந்து நீ பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வாய். சம்பளம் கிடையாது, வாய் மட்டும் இரண்டு பேருக்கும் ஜாஸ்தி. அன்று வாசற்படியில் சாக்பீஸால் கிறுக்கிக்கொண்டிருந்த சின்னதுகளின் மடியில், மலை சுற்ற வந்தவர்கள் சில்லறை போட்டுக்கொண்டே போனார்கள். பாதையோரம் உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுத்துப் பழகியவர்கள், வேறென்ன செய்வார்கள். மறுநாள் நம் பிள்ளைகள் புது விளையாட்டு கண்டுபிடித்திருந்தார்கள். ஒருத்தி நடந்து போவாள், மற்றவர்கள் கை நீட்டுவார்கள்.

நீ யாரையும் திட்டவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு வாசலில் மேசை போட்டு, தண்ணீர்க் குடம் வைத்து, அதே பிள்ளைகளை டம்ளரோடு நிறுத்தினாய். "குடுக்கிற பக்கம் நின்னு பார்க்கட்டும்டி" என்றாய். தண்ணீர் குடித்த பெரியவர் ஒருவர் காசு நீட்ட, ஒரு வாண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்னொரு டம்ளர் வேண்டுமா என்று கேட்டான். அதையே சொல்லிச் சொல்லி நீ வாரம் முழுக்கச் சிரித்தாய்.

சரி, சனிக்கிழமை நடந்ததற்குத் திரும்பி வருகிறேன். அந்தக் கடைக்காரரிடம், உங்கள் மகனும் உள்ளே வந்து பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து சாப்பிடட்டும், வீடியோ வேண்டாம் என்றேன். அவர் முகம் சுருங்கியது. உன் இடத்தில் இப்போது பாடம் சொல்லித்தரும் கல்லூரிப் பெண் என் காதில் கிசுகிசுத்தாள். நமக்குக் கூரை மாற்றித் தருவதாகச் சொன்னவர் இவர்தானாம். அது எனக்கும் தெரியும். கூரை எங்கெங்கே ஒழுகும் என்பதும் தெரியும்.

"சோறு போட வந்தவனையே வெரட்டுறீங்களா?"

"வெரட்டலீங்க. உள்ள வாங்கன்னுதான் சொல்றேன்."

அவர் வரவில்லை. வேன் பொங்கலோடு திரும்பிப் போனது, பிள்ளைகள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். எனக்கு அதுதான் வலித்தது. வீட்டுக்கு ஓடி ரவையை எடுத்துவந்து உப்புமா கிண்டிப் போட்டேன்.

ஊரில் என்னைத் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். முன்பு அந்தப் பட்டம் உன்னிடம் இருந்தது. இப்போது எனக்கு வந்திருக்கிறது, சந்தோஷமாகவே வைத்துக்கொள்கிறேன். நேற்று நல்ல மழை. பாய்களைச் சுவரோரம் நகர்த்திப் போட்டுப் பாடம் நடத்தினோம். நாளைக்கே அவர் திரும்பி வந்தாலும் உள்ளே வாங்க என்றுதான் சொல்வேன். நனையாத இடமாகப் பார்த்து அவர் மகனை உட்கார வைப்பேன். வரிசை மட்டும் கிடையாது.