எழுதாமல் விட்ட வரி

பொம்மனஹள்ளி, பெங்களூரு
ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை

சௌபாக்கியவதி சௌம்யாவுக்கு மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. அத்தையும் நானும் உடம்பளவில் சுகம். திருச்சியில் நீயும் குழந்தை ஷ்ரேயாவும், உன் அப்பா அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். வெயில் அங்கே கடுமை என்று செய்தியில் பார்த்தேன். குழந்தைக்கு வேர்க்குரு வராமல் பார்த்துக்கொள்.

போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பாய். போனில் என்றால் பாதியில் "சரிம்மா, வைக்கிறேன்" என்று தப்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

முதலில் நீ சொன்ன காரியம். செவ்வாய்க்கிழமை ஷ்ரேயாவின் பள்ளிக்குப் போய் டி.சி. வாங்குவதற்கான படிவத்தைக் கொண்டுவந்தேன். ஆபீசில் இருக்கும் மௌரீன் அம்மாள், ஷ்ரேயா போனபிறகு மூன்றாம் வகுப்பு அமைதியாக இருக்கிறது, அந்த அமைதி யாருக்கு வேண்டும் என்றார். படிவத்தில் ஒரு கட்டம் தவிர எல்லாம் பூர்த்தி செய்துவிட்டேன். அந்தக் கட்டத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கேஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆய்வகத்தின் அறிக்கை வரவில்லை. கிஷோர் தன் பட்டறையில் செய்துகொடுத்த அந்த எஃகுத் துண்டு சுண்டுவிரல் அளவுதான். ஒரு முனை கொக்கி போல் வளைந்திருக்கும். ஓசூர் ப்ரஹ்லாத் ஆர்டர் கொடுத்தபோது, விளையாட்டுக்குச் சுடும் காற்றுத் துப்பாக்கிக்கு என்றுதான் சொன்னான். சக்தி குறைந்த காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அவனுடைய கிடங்கில் லைசென்ஸ் இல்லாத நிஜத் துப்பாக்கி ஒன்று அகப்பட்டதும், இந்தத் துண்டு அதிலும் உட்காரும் என்கிறது போலீஸ். துப்பாக்கி என்றால் அதன் பாகங்களும் சேர்த்திதான் என்று சட்டம் சொல்கிறது. எது பாகம்? ஒரு ஸ்பிரிங் பாகமா? திருகாணி பாகமா? இரண்டிலும் பொருந்துகிற ஒன்று எதனுடைய பாகம்? அதை யாரும் தீர்த்துச் சொல்லவில்லை.

ஆயுத பூஜையன்று பட்டறையில் எடுத்த படத்தை மறந்திருக்க மாட்டாய். மெஷின்களுக்கு முன்னால் தாம்பாளத்தில் அந்தத் துண்டுகளை அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பட்டறைக் கணக்கு பார்க்கும் யூனிஸ் போனில் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாளே, அது ப்ரஹ்லாத் போனிலிருந்து இப்போது கேஸ் கட்டில் இருக்கிறது. யூனிஸ் வந்து அழுதாள். தெரிந்து தப்பு செய்கிறவன் பொட்டு வைத்துப் படம் எடுத்து அனுப்புவானா மாமா, இது அவர்களுக்குப் புரியாதா என்று கேட்டாள்.

கிஷோர் திங்கள்கிழமைதோறும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு வருகிறான். பத்தொன்பது நாள் உள்ளே இருந்து வந்ததிலிருந்து சாப்பாடு குறைந்துவிட்டது. பெற்ற பெண்ணைக்கூட வந்து பார்க்கவில்லை என்று நீ அத்தையிடம் வருத்தப்பட்டாயாம். ஜாமீனில் கர்நாடகத்தை விட்டுப் போகக் கூடாது என்று நிபந்தனை. போன ஞாயிறு பைக்கை எடுத்துக்கொண்டு அத்திபெலே வரை போயிருக்கிறான். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கடையில் டீ குடித்துவிட்டு, தமிழ்நாட்டு பஸ்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறான். டீ நன்றாக இருந்தது என்று மட்டும் அம்மாவிடம் சொன்னான்.

இனி, எழுத வந்த விஷயம்.

நீ கிளம்பிப் போன அன்று காலை, ஹாலில் நின்று கிஷோரிடம் கேட்டாய். வீட்டிலேயே சட்டம் படித்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார், ஆர்டர் எடுக்கும்முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா, அவ்வளவு திமிரா என்று. அவன் தலையைக் குனிந்துகொண்டு, யாரையும் கேட்கவில்லை என்றான். பக்கத்து நாற்காலியில் நான் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன்.

அவன் கேட்டான், சௌம்யா. ஜூலை மாதம், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி என் முன்னால் வந்து நின்று கேட்டான். நாளை பதில் சொல்ல வேண்டும், இதைச் செய்யலாமா கூடாதா, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றான். சட்டத்தை மூன்று முறை படித்தேன். விதிகளையும் படித்தேன். தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, முழுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

விதான சௌதாவில் சட்டத் துறையில் முப்பத்துநான்கு வருஷம் குறிப்பு எழுதியவன் நான். எந்தக் குறிப்பையும் "எனினும், உரிய அதிகாரியின் கருத்தைக் கேட்டு முடிவெடுக்கலாம்" என்ற வரி இல்லாமல் முடித்ததில்லை. உடன் வேலை பார்த்தவர்கள் என்னை "எனினும் சந்திரசேகரன்" என்றே கூப்பிடுவார்கள். அந்த ஒரு வரியைத்தான் கிஷோருக்கு எழுதவில்லை. மறந்துபோய் விடவில்லை. பேனா அந்த இடத்தில் நின்றது. என் மகன் முதல் தடவையாக என் கருத்தைக் கேட்கிறான், அவனையும் வேறு ஒருவரிடம் அனுப்புவதா என்று தோன்றியது. எழுதியிருந்தால் அவன் போய்க் கேட்டிருப்பான். அவன் கேட்கிற பிள்ளை.

போலீஸ் பட்டறையைச் சோதனை போடும் முன் அந்தத் தாளை மட்டும் எடுத்து ஒளித்திருக்கிறான். போன மாதம் ஹெல்மெட்டின் உள் பஞ்சைத் துவைக்கப் பிரித்தபோது அத்தையின் கையில் கிடைத்தது. காபி டம்ளருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். உங்கள் எழுத்துதானே, முத்து முத்தாக இருக்கிறது என்றாள். ஏன் மறைத்தாய் என்று அவனிடம் கேட்டதற்கு, எழுபத்தாறு வயது மனிதரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைக்கச் சொல்கிறாயா அம்மா என்றானாம்.

அப்புறமும் ஒரு மாதம் சும்மா இருந்தேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

இன்று காலை சிவாஜிநகர் பஸ் பிடித்து வக்கீல் கிருஷ்ணப்பாவின் ஆபீசுக்குப் போய் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டேன். இரண்டு முறை படித்தார். யஜமான்ரே, இதை ஏன் இத்தனை நாள் மறைத்தீர்கள் என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பதற்கு இது உதவும், ஆனால் உங்களையும் விசாரிப்பார்கள், அதற்கு மேலும் போகலாம், நான் உறுதி சொல்ல மாட்டேன் என்றார். சரி என்றேன். அவருடைய குமாஸ்தா பஸ் ஸ்டாண்ட் வரை கூட வந்தார். கிஷோருக்கு இன்னும் தெரியாது. மாலை வந்ததும் சொல்வேன். கத்துவான். கத்தட்டும்.

நான் எழுதிக் கொடுத்தது தவறா என்று இன்று கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நேற்றும் படித்துப் பார்த்தேன். ஒரு சமயம் சரி என்று படுகிறது, ஒரு சமயம் இல்லை என்று படுகிறது. அதை நீதிபதி சொல்லட்டும். ஆனால் அன்று ஹாலில் நான் வாயைத் திறக்காமல் இருந்தது தவறு. அதற்கு எந்தப் புத்தகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

அந்தத் தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து உனக்குத் தெரியும்.

டி.சி. படிவத்தில் காலியாக இருப்பது, பள்ளியை விட்டு விலகக் காரணம் என்ற கட்டம். மௌரீன் அம்மாள், எல்லோரும் வீடு மாறுகிறோம் என்றுதான் எழுதுவார்கள், நீங்களும் எழுதுங்கள் என்றார். மூன்று நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். காரணம் நான்தான் என்று எழுத அந்தக் கட்டத்தில் இடம் போதாது.

இதைப் படித்த பிறகும் படிவம் வேண்டும் என்றால் சொல், அம்மா. மௌரீன் அம்மாள் சொன்னபடி எழுதி மறுநாளே அனுப்பிவிடுகிறேன், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. திங்கள்கிழமைகளில் அவன் ஸ்டேஷனிலிருந்து பதினோரு மணிக்கு வெளியே வருவான். அந்த நேரம் அவனுக்கு ஒரு போன் செய். குழந்தையைப் பேசவிட்டாலும் போதும்.

நீயும் அவனும் குழந்தையும் ஒரே வீட்டில் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்

உன் மாமனார்
சந்திரசேகரன்