இடப்பக்க நாற்காலி

பிப்ரவரி 4

அக்கா இன்று தன் மகளைக் கொண்டுவந்து விட்டுப் போனாள். வீட்டில் அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுவோம். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. கல்லூரிக்கு வந்த இரண்டு கம்பெனிகளின் நேர்காணலிலும் வாயே திறக்காமல் எழுந்து வந்திருக்கிறாள். மாதக் கடைசியில் இன்னொன்று வருகிறது. அதுதான் கடைசி.

"நீதான் ஆபீஸ்ல ஆள் எடுக்கிறியே, இவளுக்குப் பேசக் கத்துக் குடு. இல்லேன்னா அவங்கப்பா கடைக் கல்லாவுல உக்கார வச்சிடுவாரு. அப்புறம் காலம் பூரா அங்கதான்."

பூனை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 6

நேர்காணலில் மூன்று பேர் உட்காருவார்கள். நான் ஒருத்தி. அதனால் சாப்பாட்டு மேசை நாற்காலிகளில் இரண்டை எனக்கு இருபுறமும் போட்டேன். வலப்பக்கம் பாடத்தில் கேள்வி கேட்பவர், இடப்பக்கம் பேசாமலே எடைபோடுபவர் என்று சொல்லிவைத்தேன்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

பெயரைச் சொன்னாள். அதோடு சரி.

பிப்ரவரி 9

பெயர், படிப்பு. முன்னேற்றம்தான்.

பிப்ரவரி 13

இன்று தடங்கலே இல்லாமல் பேசினாள். ஆனால் என்னைப் பார்த்து அல்ல, இடப்பக்க நாற்காலியைப் பார்த்து.

"என்னப் பாத்துப் பேசுடி."

"அவங்க தலையாட்டுறாங்க சித்தி. உங்க மொகத்தப் பாத்தா நாக்கு ஒட்டிக்குது."

சிரித்துவிட்டேன். என் மூஞ்சி அவ்வளவு லட்சணம்! பிறகுதான் கவனித்தேன்: அவள் பார்வை நாற்காலியின் மேல் இல்லை. உட்கார்ந்திருப்பவரின் முகம் இருக்கும் உயரத்தில் நின்றது.

பிப்ரவரி 17

நான் கேட்பதற்குள் பதில் வருகிறது. பலவீனம் என்ன என்று கேட்க நினைத்தேன் — வாய் திறக்கவில்லை, சத்தியமாகத் திறக்கவில்லை — அவள் இடப்பக்கம் திரும்பி, "தெரியாதத தெரியாதுன்னு சொல்லக் கூச்சப்படுவேன் மேடம், அதான் என் பலவீனம்" என்கிறாள்.

"யாருடி கேட்டா?"

"அவங்கதான். மெதுவா கேட்டாங்களே, உங்க காதுல விழலியா?"

எல்லா இடத்திலும் கேட்கும் கேள்விதானே, ஊகித்திருப்பாள். கூச்சமுள்ள பிள்ளைகள் எதிராளியின் முகத்தை நன்றாகப் படிக்கும். அப்படியானால் என் முகத்தையல்லவா பார்த்திருக்க வேண்டும்?

பிப்ரவரி 18

அந்த நாற்காலியை எடுத்துவிட்டேன். பூனை பழையபடி வாயடைத்துப்போனாள். கையைப் பிசைந்தாள், அழுதாள். "என்னால அந்தக் கல்லாவுல உக்கார முடியாது சித்தி. செத்துடுவேன்." நான் என்னதான் பண்றது? திரும்பக் கொண்டுவந்து போட்டேன். போடும்போது, என்னை அறியாமல், "உக்காருங்க" என்றேன்.

பிப்ரவரி 26

வேலை கிடைத்துவிட்டது! அக்கா போனில் அழுகிறாள், சிரிக்கிறாள், மறுபடி அழுகிறாள்.

சாயங்காலம் பூனை வந்தாள். உயரமாகிவிட்டாள் போலிருந்தது. எப்படிப் பேசினாய் என்று கேட்டேன்.

"மூணு பேர் மொகத்தையும் நேராப் பாத்தே பேசிட்டேன் சித்தி."

"அவங்க வந்தாங்களா?" — கேட்டிருக்கக் கூடாது.

"இல்ல. உனக்கு இனிமே நான் வேணாம்னுட்டாங்க. நீங்க தனியா இருக்கீங்கல்ல, அதனால இங்கயே இருக்கேன்னாங்க."

பிப்ரவரி 27

தூக்கமில்லை.

மார்ச் 15

பூனை வேலையில் சேர்ந்துவிட்டாள். அக்கா இனிப்போடு வந்தாள். "யார்கிட்டடி பேசிட்டிருந்தே? வாசல் வரைக்கும் கேட்டுது."

"போன்ல" என்றேன்.

களைத்துப்போய் எனக்கு இடப்பக்கம் உட்காரப் போனாள். சட்டென்று கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அதுல வேணாம்க்கா." எழுந்து என் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன்.