பை வைத்த நீலத் தலையணை

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நானும் மகளும் சௌக்கியம். மாடியில் அக்காவும் சௌக்கியம். அவள் வாய் அதைவிட சௌக்கியம். ஞாயிறுதோறும் போனில் பேசுகிற மனிதருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் பேசும்போதெல்லாம் நம் குட்டிப் போலீஸ் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நிற்கிறாள். அவள் காதில் விழக் கூடாத சங்கதி ஒன்று இருக்கிறது. அதனால்தான் அவள் பள்ளிக்கூடம் போன பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றது. நானே வாஷர் மாற்றினேன். மகளின் டீச்சர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். கணக்கு நன்றாகப் போடுகிறாளாம், ஆனால் பக்கத்தில் இருப்பவளுக்கும் சேர்த்துப் பேசுகிறாளாம். அது யாருடைய ரத்தம் என்று நான் அங்கே சொல்லவில்லை.

உன் கடிதமும் கூடவே வைத்திருந்த படிவமும் போன வாரம் வந்தன. நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுக்கே உன்னை மேற்பார்வையாளராகப் போடுகிறார்கள், அதற்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சம்மதிக்க வேண்டும், நானும் கையெழுத்துப் போட்டு அசல் படிவம் அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் அங்கே வந்து சேர வேண்டும் என்று எழுதியிருந்தாய். 'உங்க விருப்பம்' என்று முடித்திருந்தாய். ஒரு பக்கக் கடிதத்தில் மேற்பார்வையாளர் என்ற சொல் நான்கு முறை வந்தது. உனக்கு ஆசை இருக்கிறது. படித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நாற்பது பேரை வேலை வாங்கப் போகிறவள் என் பெண்டாட்டி என்று கடையில் இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டேன். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று அலமாரியில் வைத்திருந்தேன்.

இப்போது தலையணை விஷயம். நீ மகளுக்கு எழுதிய கடிதங்கள் இருபத்தொன்றையும் அவள் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குகிறாள். கசங்கிப்போகிறது, முன்பக்கம் பை வைத்து ஒரு தலையணை தைத்துக் கொடு என்று ஒற்றைக்காலில் நின்றாள். துணியையும் அவளே எடுத்து வந்தாள். நீ கிளம்புவதற்கு முதல் நாள் இஸ்திரிப் பெட்டி பட்டு மூலை உருகிப்போனதே, அந்த நீல ஃபிளீஸ் போர்வை. வெட்டலாமா என்று இரண்டு தடவை கேட்டேன். உருகின மூலை மட்டும் வெளியே தெரியக் கூடாது என்றாள். பையின் மேல் 'அம்மா' என்று எம்பிராய்டரி வேண்டும், அதுவும் உன் கையெழுத்தில் வேண்டுமாம். உன் கடிதக் கடைசியில் 'இப்படிக்கு, அம்மா' என்று போடுவாயே, அதை நான் பட்டர் பேப்பரில் பெரிதாக வரைந்துகொண்டேன். உன் 'ம' இவ்வளவு கோணலாக இருக்கும் என்று இத்தனை வருடத்தில் நான் கவனித்ததில்லை.

சீட் கவர் தைக்கிற கடை மிஷின் ரெக்ஸினுக்குத்தான் லாயக்கு. உன் மிஷினைத் திறந்தேன். பாபினில் நீ கடைசியாகத் தைத்த வெள்ளை நூல் அப்படியே இருந்தது. அதை எடுத்து வைத்துவிட்டு வேறு நூல் போட்டேன். ஃபிளீஸ் இழுத்த இழுப்புக்கெல்லாம் வருகிற துணி, நம் மகள் மாதிரி இல்லை. அதன் ரோமம் ஒரே பக்கமாகப் படிகிற மாதிரி பார்த்து வெட்டி, பையை மூன்று பக்கமும் முன்துணியோடு வைத்துத் தைத்தேன். மடிக்காமல் கடிதம் நுழையுமா என்று பார்க்க வீட்டில் இருந்ததிலேயே பெரிய கவரை எடுத்துப் பைக்குள் விட்டேன். அது நீ அனுப்பின படிவம் இருந்த கவர். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து அக்கா மாடியிலிருந்து, தொட்டி வழிகிறது, மோட்டாரை நிறுத்து என்று கத்தினாள். நிறுத்திவிட்டு வந்தவன், கவரை மறந்தே போனேன்.

எங்கள் வேலையில் பெயரைக் கடைசியில்தான் தைப்போம். சீட் கவர் முழுக்க முடித்த பிறகு வண்டிக்காரர் வந்து இடம் காட்டுவார், தலை சாய்க்கிற இடத்தில் பெயரைப் போடுவோம். அங்கே பை கிடையாது. அந்தப் பழக்கத்தில் பையைத் தைத்து முடித்துவிட்டு அதன்மேல் எம்பிராய்டரி போட்டேன். ரோமத்துக்குள் நூல் அமுங்காமல் இருக்க பட்டர் பேப்பரை மேலே வைத்துத் தைத்ததால், கைக்கு அடியில் காகிதம் சரசரத்ததெல்லாம் அந்தப் பேப்பர் என்றே நினைத்தேன். பிறகு பின்துணியைச் சேர்த்து, பஞ்சு அடைத்து, வாயை மூடி, மகள் கையில் கொடுத்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் நான் யானை இல்லை, பதினெட்டு வருடமாகத் தைக்கிறவன்.

அவள் கடிதக் கட்டோடு வந்து பைக்குள் கையை விட்டாள். விரல் மட்டும்தான் போனது. தடவிப் பார்த்தாள்.

"அப்பா, பை தெறக்கல. உள்ள வேற ஏதோ இருக்கு."

எம்பிராய்டரி பையின் வாயையும் கவரையும் முன்துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ எழுதின கடிதம் ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டது என்று மட்டும் சொன்னேன். படிவத்தைப் பற்றிச் சொல்லவில்லை. நீ அடுத்த மாதக் கடைசியில் வருகிறாய் என்று அவள் காலண்டரில் கட்டம் கட்டமாக அடித்துக்கொண்டு வருவது உனக்குத் தெரியும். பிரித்துத் தருகிறேன் என்றதற்குத் தலையணையைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றாள். அம்மா கடிதம் என்றால் உள்ளேயே இருக்கட்டும், மற்றதற்குப் பின்னால் ஒரு பை வைத்துவிடு என்றாள். வைத்துக் கொடுத்தேன்.

அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. இறங்கி வந்து தலையணையைப் புரட்டிப் பார்த்து விவரம் கேட்டாள். கேட்டுவிட்டு, "நீ தெரிஞ்சேதான்டா தெச்சிருக்க" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீ மோட்டாருக்குக் கத்தாமல் இருந்தால் இது நடந்திருக்காது என்று நானும் கத்தினேன். இரண்டு நாள் பேச்சில்லை. நேற்றுத்தான் டீ கொண்டுவந்து வைத்தாள்.

உன் தலைமேல் சத்தியமாகத் தெரிந்து செய்யவில்லை. ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. நடந்தது தெரிந்தபோது எனக்கு வருத்தமே வரவில்லை. நிம்மதியாக இருந்தது. உன் பெருமையைக் கெடுக்கிறவன் என்று நினைத்துவிடாதே. ஒன்றரை வருடமாக உன் மிஷினுக்கு உறை மாட்டியே வைத்திருந்தேன், பார்த்தால் தாங்காது என்றுதான்.

படிவத்தை வெளியே எடுக்க ஒரே வழிதான் இருக்கிறது. தலையணையின் வாயைப் பிரித்து, பஞ்சை எடுத்து, 'அம்மா'வை மூன்று எழுத்தும் பிரிக்க வேண்டும். நூல் காகிதத்தின் ஊடே போயிருக்கிறது. ஊசி துளைத்த படிவத்தை உங்கள் ஆபீசில் வாங்குவார்களா என்று விசாரி. வாங்க மாட்டார்கள் என்றால் வேறு படிவம் அனுப்பு. எப்படியானாலும் இங்கேயே இருக்கிறேன் என்று நீ எழுதினால், முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போடுவேன். மகளிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ உழைத்து வாங்கின பதவி, வேண்டாம் என்று சொல்ல நான் யார்.

சலவைத் தூள் பட்டுக் கை வெடித்திருக்கிறது என்றாயே, கையுறை போட்டுக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. தையல் பிரிக்கிற கத்தியை எடுத்து மிஷின் மேல் வைத்திருக்கிறேன். பிரிக்க வேண்டாம், அதைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள் என்று ஒரே ஒரு வரி எழுதிப் போட்டால், நூறு வயது நன்றாக இருப்பாய்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்